மண்ணுக்குக் கொடுத்தது மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததா?

உட்கார் தம்பி, டீ சொல்லியாகிவிட்டது. நீ கேட்டது ஒரு வரிக் கேள்விதான். "தொழிற்பேட்டை வருதுன்னு சொல்றாங்களே, வந்தா நம்ம தங்கவயல் எழுந்துடுமாண்ணா?" நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எந்த வாசலில் நின்றாலும் காதில் விழும் கேள்வி இது. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் இப்போதே சொல்லிவிட்டால் அது வெறும் ஆசையாகவோ அலுப்பாகவோதான் இருக்கும். ஓர் ஊர் எழுந்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது? முதலில் அதைப் பேசுவோம். அது தெரிந்தால் உன் கேள்விக்கான பதிலை நீயே தேடிப்போகலாம்.

அரசாங்கம் உதவி செய்வதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆளைப் பார்த்துக் கொடுப்பது: முதியோர் ஓய்வூதியம், மாணவர் உதவித்தொகை, ரேஷன் அரிசி. அந்த ஆள் எந்த ஊருக்குப் போனாலும் உதவி அவர் பின்னால் போக முடியும். இன்னொன்று, ஊரைப் பார்த்துக் கொடுப்பது: இந்த மாவட்டத்தில் ஆலை தொடங்கினால் வரி இல்லை, இந்தத் தாலுகாவில் நிலம் மலிவு, இந்த ஊருக்குத் தனி மின்பாதை. இரண்டாவதைப் பொருளாதார அறிஞர்கள் இடம் சார்ந்த கொள்கை என்கிறார்கள். இடத்துக்குக் கொடுத்தால் அது அந்த இடத்து மக்களிடம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. சேர்கிறதா, எவ்வளவு சேர்கிறது, யாரிடம் சேர்கிறது என்று பார்ப்பதுதான் மதிப்பீடு.

இந்தக் கொள்கைக்குப் பெயர் வைக்கும் முன்பே அதை அனுபவித்த ஊர் நம் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் இறங்கின. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குத் தண்டவாளம் வந்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. 1902இல், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் கம்பி வழியே இங்கே வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து மைசூர் சமஸ்தானம் இவ்வளவு கொட்டியது அந்தக் காலத்தில் அபூர்வம்.

அன்றைக்கு அதை எப்படி அளந்தார்கள்? எத்தனை அவுன்ஸ் தங்கம், லண்டன் பங்குதாரருக்கு எவ்வளவு லாபம், மைசூர் அரசுக்கு எவ்வளவு ராயல்டி என்று அளந்தார்கள். அந்தக் கணக்கில் தங்கவயல் மாபெரும் வெற்றி. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் இந்தப் பாறைக்குள்ளிருந்து வெளியே போயிருக்கிறது. ஆனால் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தட்டி வீட்டில் குடியிருந்தவரின் நுரையீரல் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப்பில் ஏர் பிளாஸ்ட் அடித்துப் பாறை வெடித்துச் செத்தவரின் குடும்பம் அதன் பிறகு எப்படிப் பிழைத்தது என்பதற்கும் அந்த ஏட்டில் பத்தி இல்லை. ஆகவே முதல் பாடத்தை இங்கேயே படித்துக்கொள்ளலாம்: எதை எண்ணுகிறோமோ அதுதான் வெற்றியாகத் தெரியும்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். 1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது, ஒரு டன் கல்லில் கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். அன்று உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே. கடைசியாக வேலை இழந்தவர்கள் சில ஆயிரம் பேர். ஆனால் அவர்களோடு ஆஸ்பத்திரி, கடைத்தெரு, தண்ணீர், பள்ளி என்று ஓர் ஊரின் ஏற்பாடு முழுதும் ஆட்டம் கண்டது. இடத்தை நம்பிப் போட்ட முதல், இடத்தில் இருந்த ஒரே பொருளோடு கட்டப்பட்டிருந்தது. பொருள் தீர்ந்ததும் முதலும் தீர்ந்தது.

அப்படித் தீராத ஒன்றும் இங்கேயே உண்டு. சுரங்கம் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1964இல், பி.இ.எம்.எல். தொடங்கப்பட்டது. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்யும் ஆலை. அதற்கு வேண்டியது தங்கமல்ல. இரும்பு வேலை தெரிந்த கைகள். அதனால் சுரங்கம் மூடிய பிறகும் அது நின்றது. அரசு ஊரில் போடும் பணம் எதில் போய் உட்கார்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே புரியும்.

சரி, இப்போது வரப்போவதைப் பேசுவோம். பி.இ.எம்.எல்லிடமிருந்து திரும்ப வந்த நிலத்தில் தொழிற்பேட்டை என்கிறது மாநில அரசு. சுரங்கம் அரைத்துக் கொட்டிய கல்தூளான 13 சயனைடு மேடுகளிலும் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சென்னை–பெங்களூரு விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, பேத்தமங்கலம் வரை, 2024 கடைசியில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் மேடையில் நின்று, "2025இல் இங்கே இத்தனை பேருக்குத்தான் வேலை இருந்தது, இன்று இத்தனை பேருக்கு இருக்கிறது, எல்லாம் தொழிற்பேட்டையால்" என்று சொல்வார். அதை நம்பலாமா?

காய்ச்சல் வந்தவனுக்கு மாத்திரை கொடுக்கிறோம், மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. பல காய்ச்சல்கள் மாத்திரை இல்லாமலும் மூன்றாம் நாள் இறங்கும். மாத்திரையால்தான் இறங்கியதா என்று தெரிய வேண்டுமானால், அதே காய்ச்சல் வந்து மாத்திரை சாப்பிடாத இன்னொருவரையும் பார்க்க வேண்டும். ஊருக்கும் அப்படித்தான். முன்பு எப்படி, பின்பு எப்படி என்பது மட்டும் போதாது. அந்தத் திட்டம் வராமலிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். அந்த வராத காலத்தை நாம் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அதற்கு நெருக்கமான வேறோர் ஊரைத் தேட வேண்டியிருக்கிறது. மதிப்பீட்டின் கடினமான வேலை முழுக்க இந்தத் தேடலில்தான்.

நம் நாட்டிலேயே இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். தங்க நாற்கரச் சாலை போட்டபோது அதையொட்டிய மாவட்டங்களில் தொழில் வளர்ந்ததா என்று சில ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சாலை இல்லாத ஏதோ ஒரு மாவட்டத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். பெரிய நகரங்களை இணைக்கும் சாலை ஏற்கெனவே வளரும் ஊர்கள் வழியாகத்தான் போகும். அதனால் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்குச் சாலைகளை எடுத்துக்கொண்டார்கள். அவையும் திட்டமிடப்பட்டவை, ஆனால் வேலை தாமதமானவை. சாலை வரவிருந்தும் வந்துசேராத அந்த மாவட்டங்களே சரியான ஒப்பீடு ஆயின. அந்தக் கணக்கில் நாற்கரச் சாலைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் ஆலை உற்பத்தி தெளிவாகக் கூடியிருந்தது.

நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விரைவுச் சாலையும் தொழிற்பேட்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. நாளைக்கு இங்கே ஓர் ஆலை வந்தால் அது சாலைக்காக வந்ததா, மலிவு நிலத்துக்காக வந்ததா? சாலைக்காக வந்தது என்றால் நிலத்தில் கொடுத்த சலுகை வீண். விரைவுச் சாலை தொட்டும் சலுகை கிடைக்காத ஊர்களை இன்றே குறித்துவைத்துக்கொண்டால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். மாலூர்ப் பக்கம், எல்லை தாண்டி சித்தூர்ப் பக்கம் என்று அப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன.

"அப்ப சலுகை கொடுத்தா பலனே இல்லையாண்ணா?" என்கிறாய். அப்படியில்லை. 2003இல் உத்தராகண்டுக்கும் இமாசலப் பிரதேசத்துக்கும் மத்திய அரசு பெரிய சலுகை கொடுத்தது. புதிய ஆலைகளுக்குப் பத்து ஆண்டு கலால் வரி இல்லை, முதல் ஐந்தாண்டு வருமான வரி இல்லை, முதலீட்டு மானியமும் உண்டு. ரிதம் சௌரே என்ற பொருளாதார ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் அங்கே ஆலைகளின் எண்ணிக்கை, உற்பத்தி, வேலை எல்லாமே கூடியதாகக் கண்டார். அடுத்த மாநிலத்து ஆலை சும்மா இடம் மாறி வந்துவிட்டதா என்றும் பார்த்தார். அதற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை. அந்த அளவில் அது நல்ல செய்திதான்.

ஆனால் உத்தராகண்டின் வரைபடத்தை இன்னும் கிட்டத்தில் பார். ஆலைகள் பெரும்பாலும் ஹரித்வார், உதம்சிங் நகர் போன்ற சமவெளி மாவட்டங்களில் வந்தன. அதே மாநிலத்தில் மலை மீதிருக்கும் பௌரி கட்வால், அல்மோரா மாவட்டங்களில் 2001க்கும் 2011க்கும் இடையில் மக்கள்தொகையே குறைந்தது. ஊர் ஊராகக் காலியானதை ஆராய 2017இல் மாநில அரசு ஒரு ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. மாநிலம் என்ற அளவில் வெற்றி. எந்த மலை மக்களின் பின்தங்கலைச் சொல்லி அந்த மாநிலமே கேட்கப்பட்டதோ, அவர்கள் வீட்டில் மாற்றம் குறைவு.

தங்கவயலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. நம் கோலார் மாவட்டத்தையே எடுத்துக்கொள். நரசாப்பூரில் 2013இல் ஹோண்டா இருசக்கர வாகன ஆலை வந்தது. பிறகு ஐபோன் பொருத்தும் ஆலையை விஸ்ட்ரான் தொடங்கியது; 2023இல் அது டாடா கைக்கு வந்தது. மாலூரிலும் வேமகல்லிலும் ஆலைகள் இருக்கின்றன. மாவட்டக் கணக்கைப் பார்த்தால் கோலார் வளர்கிறது. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் நந்திதுர்க் லைன் வீடு எங்கே இருக்கிறது? தங்கவயல் தனித் தாலுகா ஆகிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் பல அரசுக் கணக்குகளில் பங்காருப்பேட்டைத் தாலுகாவோடு கலந்தே கிடந்தது. மாவட்டம், தாலுகா என்று பெரிய வட்டம் போட்டு அளந்தால் பள்ளத்தில் இருப்பவர் மேட்டில் இருப்பவரோடு சேர்ந்து சராசரியாகிவிடுவார். வார்டு வாரியாக, லைன் வாரியாக அளந்தால்தான் அவர் முகம் தெரியும்.

இன்னும் கொஞ்சம் டீ ஊற்றச் சொல். இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம்: வேலை என்று எதை எண்ணுவது?

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். அரசு நிலம், மானியம், வரி எல்லாம் சேர்த்து 100 கோடி ரூபாய் விட்டுக்கொடுத்து ஓர் ஆலை வருகிறது. 1000 பேருக்கு வேலை என்று அறிவிக்கிறார்கள். ஒரு வேலைக்கு அரசு கொடுத்தது 10 லட்சம் ரூபாய். கேட் முன்னால் நின்று எண்ணிப் பார்த்தால், 500 பேர் வெளியூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். மீதி 500 பேர் தங்கவயல்காரர்கள். அவர்களில் 300 பேர் நேற்றுவரை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள். வேலையே இல்லாமலிருந்து இப்போது வேலைக்கு வந்தவர் 200 பேர். அவர்களை மட்டும் எண்ணினால் ஒரு வேலைக்கு 50 லட்சம் ஆகிறது. அறிவிப்பில் இருந்த எண்ணும் பொய்யில்லை, இந்த எண்ணும் பொய்யில்லை. எந்த எண்ணைக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

அதற்காக ரயிலிலிருந்து இறங்கிய அந்த 300 பேரைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதே. இங்கேதான் நம் ஊருக்கே உரிய ஒரு அளவுகோல் வேண்டும். விடியும் முன் வண்டி ஏறி இருட்டிய பின் வீடு திரும்புகிறவருக்கு உள்ளூரில் வேலை கிடைத்தால் தினம் நான்கு மணி நேரம் கையில் மிஞ்சும். வருடத்தில் 300 நாள் வேலை என்றால் 1200 மணி நேரம். ஐம்பது முழு நாள். பிள்ளையோடு உட்காரவும், வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், தூங்கவும் ஐம்பது நாள். எந்த வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்திலும் இது புதிய வேலையாகப் பதிவாகாது. ஆனால் ரயிலில் நின்றுகொண்டே போய்வரும் பெண்ணைக் கேட்டால் இதுதான் முதல் லாபம் என்பாள். அதே சமயம், உள்ளூர்ச் சம்பளம் பெங்களூர்ச் சம்பளத்தைவிட எவ்வளவு குறைவு என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். நேரமும் சம்பளமும் சேர்ந்ததுதான் அவள் கணக்கு.

சாதாரணப் புள்ளிவிவரம் எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதை இங்கிலாந்தின் நிலக்கரி ஊர்கள் காட்டின. 1984–85 வேலைநிறுத்தத்துக்குப் பின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஆனால் வேலையில்லாதோர் பதிவேட்டில் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபாதர்கிலும் தேடிப் பார்த்தபோது, பலர் உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகைப் பட்டியலுக்குப் போயிருந்தார்கள், பலர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள், பலர் தூரத்து ஊர்களுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். பதிவேட்டில் காணாமல் போனவர்களில் பலர் வாழ்க்கையில் அங்கேயே இருந்தார்கள். நம் ஊரில் 2001க்குப் பிறகும் அப்படித்தான். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை நகரில் 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். சுரங்கம் போயும் ஊர் காலியாகவில்லை. ரயில் பெங்களூரின் சம்பளத்தை ஊருக்குள் கொண்டுவந்தது. அந்த ரயில்தான் கால் நூற்றாண்டாகத் தங்கவயலைத் தாங்கும் இடம் சார்ந்த கொள்கை. யாரும் அதை அப்படிச் சொல்லித் தொடங்கவில்லை என்றாலும்.

அடுத்த கேள்வி, லாபம் யார் கையில் தங்குகிறது என்பது. ஊர் வளர்ந்தால் முதலில் ஏறுவது நிலத்தின் விலையும் வாடகையும். சொந்த வீடு உள்ளவருக்கு அது லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே பாரம். நந்திதுர்க், சாம்பியன் லைன்களில் பல குடும்பங்கள் கம்பெனி கட்டிய வீட்டிலேயே தலைமுறையாக இருக்கின்றன. அந்த வீடு தங்கள் பெயருக்கு வருவதே நீண்ட போராட்டம். பட்டா இல்லாதவர் தலைக்கு மேல் நில விலை ஏறினால் அவரைக் கிளப்பும் ஆசைதான் மற்றவருக்கு ஏறும். ஆகவே தொழிற்பேட்டையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் முதல் காகிதம், ஆலையின் ஒப்பந்தமல்ல, லைன் வீட்டின் பத்திரம் என்றே நான் நம்புகிறேன்.

சயனைடு மேடுகளுக்கும் இதே பார்வை வேண்டும். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அரைத்த கல்தூள் அங்கே குவிந்து கிடக்கிறது. அதை மறுபடி அலசித் தங்கம் எடுப்பது இயந்திரங்களின் வேலை. ஆள் தேவை குறைவு. வேலையை மட்டும் எண்ணினால் சிறிய திட்டம் இது. ஆனால் காற்றுக் காலத்தில் அந்தத் தூள் வீட்டுக்குள்ளும் சோற்றுக்குள்ளும் வருவது நின்றால் அதன் மதிப்பு பெரிது. வேலையைக் கவனமில்லாமல் செய்து தூள் இன்னும் கிளம்பினால் நஷ்டமும் அதே அளவு பெரிது. இதைச் சொல்ல இன்றைக்கே காற்றில் எவ்வளவு தூசி, நிலத்தடி நீரில் என்ன, பிள்ளைகளின் மூச்சு எப்படி என்று அளந்து வைத்திருக்க வேண்டும். தோண்டத் தொடங்கிய பிறகு அளந்தால் பழைய நிலை எப்படி இருந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

பணம் நின்ற பிறகு என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1933இல் டென்னசி பள்ளத்தாக்குக்கு என்று ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். அணை, மின்சாரம், சாலை. பேட்ரிக் கிளைன், என்ரிகோ மொரெட்டி என்ற இருவர் பல பத்தாண்டுக் கணக்கை 2014இல் வெளியிட்டார்கள். மத்திய அரசின் பணம் வந்துகொண்டிருந்தவரை விவசாய வேலையும் கூடியது, ஆலை வேலையும் கூடியது. பணம் நின்றபின் விவசாயத்தில் கிடைத்தது கரைந்துவிட்டது. ஆலை வேலை தொடர்ந்து வளர்ந்தது. ஒன்றையொன்று தாங்கும் தொழில்களும் கை பழகிய தொழிலாளிகளும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் சலுகை போன பிறகும் அவை நிற்கும். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: நாடு முழுவதையும் கணக்கில் எடுத்தால், பள்ளத்தாக்கு இப்படிச் சேர்த்துக்கொண்ட லாபத்தை மற்ற இடங்கள் இழந்தது ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே தங்கவயலுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவருக்கு, நாட்டின் உற்பத்தி கூடும் என்று மட்டும் சொன்னால் போதாது. இந்த மண் 120 ஆண்டு கொடுத்தது, கொடுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது மிகக் குறைவு என்ற நியாயத்தைச் சொல்ல வேண்டும். அது வலுவான நியாயம். அதைச் சொல்ல நாம் கூசத் தேவையில்லை.

நியாயம் மக்களைப் பற்றியது என்றால் அளவும் மக்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். லைன் வீட்டில் படித்து பெங்களூரில் என்ஜினீயரான பெண், இடத்தை மட்டும் எண்ணும் கணக்கில் ஓர் இழப்பு, ஊரைவிட்டுப் போய்விட்டாள். மக்களை எண்ணும் கணக்கில் அவள் ஒரு வெற்றி. பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று படிக்க வைத்த தாய் தகப்பன்களின் வெற்றி. அந்தக் குடும்பங்களைப் பின்தொடராத மதிப்பீடு தங்கவயலைப் பற்றிச் சொல்வது பாதிதான்.

ஆகவே உன் கேள்விக்கு நான் தரும் பதில் ஒரு வேலை, தம்பி. அடிக்கல் நாட்டும் முன் ஓர் அடிப்படைக் கணக்கு எடுக்கப்பட வேண்டும் என்று நகரசபையிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். ஒவ்வொரு லைனிலும் எத்தனை பேர் வேலையில், எந்த ஊரில், என்ன சம்பளம், போக வர எத்தனை மணி நேரம். வீடு யார் பெயரில், வாடகை எவ்வளவு. காற்றிலும் நீரிலும் என்ன. பெண்களில் எத்தனை பேர் வேலை தேடுகிறார்கள். சலுகை பெறாத நான்கைந்து ஊர்களில் அதே கேள்விகளைக் கேட்டு அந்த ஏட்டையும் பக்கத்தில் வையுங்கள். ஆலையோடு போடும் ஒப்பந்தத்தில் எத்தனை உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு காலத்துக்கு வேலை, நிறைவேறாவிட்டால் சலுகை எப்படித் திரும்பும் என்பதை எழுதச் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பிப் போய்க் கேட்டு, கிடைத்ததைத் தமிழிலும் கன்னடத்திலும் பொதுவில் வெளியிடச் சொல்லுங்கள்.

இங்கே கல்லூரிகள் இருக்கின்றன, படித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தொழிற்பேட்டையின் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இதை இப்போது செய்யாமல் விட்டால், பத்து ஆண்டுக்குப் பின் தொழிற்பேட்டை வென்றது என்பவரும் தோற்றது என்பவரும் ஒரே அளவு ஆதாரமில்லாமல் பேசுவார்கள். அப்போது அதிகாரம் உள்ளவரின் பேச்சே நிற்கும். தங்கத்தை அவுன்ஸ் கணக்கில் எழுதிவைத்த ஊர் இது. மனிதர்களையும் அதே கவனத்தோடு ஏட்டில் எழுதச் சொல்லும் உரிமை அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளான உங்களுக்கு உண்டு.